அம்மாவின் கோப்பையில் இருந்து நாங்கள் எடுத்தவை

எங்கள் வீட்டு பிறிட்ஜ் கதவில் போன வருசம் ஐந்து மாதமாக ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது. தலைப்பு: ‘அம்மா சாப்பிடக்கூடாதவை’. சிவப்புப் பேனையால் எழுதி, கீழே இரண்டு கோடும் அடித்து, இலக்கமும் போட்டிருந்தோம். மொத்தம் 27. சோறு, இடியப்பம், பாண், உருளைக்கிழங்கு, வாழைப்பழம், மாம்பழம், பலாப்பழம், தேங்காய்ப்பால், முட்டை மஞ்சள்கரு என்று அது போகும். ‘சாப்பிடக்கூடியவை’ என்று இன்னொரு பேப்பர் எழுதவேண்டும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மாவுக்கு வருத்தம் இருப்பது தெரியவந்தது தை மாதம். தையல் மெசினில் இருந்து எழும்பினால் களைப்பு, இரவில் நாலைந்து தரம் எழும்பிப் போகவேண்டும், எவ்வளவு தண்ணி குடித்தாலும் தாகம். இரத்தம் சோதித்துப் பார்த்தால் நீரிழிவு. எங்களுக்குப் பயம் பிடித்துவிட்டது. அம்மம்மாவுக்கும் இதே வருத்தம்தான். அந்தக் காலத்தில் சலரோகம் என்று சொல்லுவார்கள். கால் விரலில் வந்த ஒரு சின்னக் காயம் மாறாமல், கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்ததை நாங்கள் சின்ன வயதில் பார்த்தவர்கள். அந்தப் பேப்பரை எழுதியது எங்கள் அறிவு இல்லை, அந்தக் கால்தான்.

அதில் இருந்த 27 விசயங்களும் எங்கே இருந்து வந்தன என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. பாதி, லண்டனில் இருக்கிற சித்தி வட்ஸ்அப்பில் அனுப்பியவை. கொஞ்சம் யூரியூப். கொஞ்சம் கோயில் வாசலில் கண்ட மாமிமார். மூன்று, நடுவிலான் போகிற ஜிம்மில் ஒரு அண்ணா சொன்னது. அம்மாவிடம் மட்டும் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு நாங்கள் பொலிஸ் ஆனோம். அம்மா தேத்தண்ணிக்குள் அரைக்கரண்டி சீனி போட்டால் சண்டை. கலியாண வீட்டில் ஒரு பயற்றம் பணியாரத்தைத் தொட்டால் மூன்று பேரும் முறைப்போம். மத்தியானம் எங்களுக்குச் சோறு கறி சமைத்து வைத்துவிட்டு, அம்மா மட்டும் கெக்கரிக்காயும் அவித்த போஞ்சியும் சாப்பிட்டா. ஒரு நாள் தையல் மெசின் லாச்சிக்குள் நூற்கட்டைகளுக்கு நடுவில் ஒரு பிஸ்கற் பைக்கற் கிடந்தது. ஐம்பத்திரண்டு வயது மனுசி, தன் சொந்த வீட்டில், தன் சொந்தப் பிள்ளைகளுக்கு ஒளித்துப் பிஸ்கற் சாப்பிடுகிறா. அதைக் கண்டுபிடித்ததில் எங்களுக்கு அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா காலமை குளிசை போட்டா. அவவுக்கு இரண்டு வகைக் குளிசை தந்திருந்தார்கள்: மெற்போமின், கிளிக்கிளசைட். போட்டபிறகு சாப்பிட்டது ஒரு தம்ளர் பாவற்காய்ச் சாறு. அதுவும் எங்கள் ஏற்பாடுதான். விரதம் வேறு. கோயிலுக்கு நடந்து போய் வந்தவ, குசினி வாசலில் அப்படியே இருந்துவிட்டா. நெற்றி முழுக்க வியர்வை, கை நடுங்குது, கேட்டதுக்கு மாறி மாறிப் பதில் சொல்லுறா. நாங்கள் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு அன்ரி ஓடி வந்தா. பார்த்த உடனே, “சீனித் தண்ணி கரைச்சுக் கொண்டு வாங்கோ, கெதியா” என்றா.

“ஐயோ அன்ரி, சீனி குடுக்காதேங்கோ! அம்மாவுக்குச் சீனி வருத்தம்!”

இதைச் சொன்னது நாங்கள்தான். மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

அன்ரி எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. தானே குசினிக்குள் போய், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்து, அம்மாவின் வாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தா. அவவின் மனுசனுக்கும் இதே வருத்தம், அதனால் அவவுக்குத் தெரியும். அவரின் சீனி பார்க்கிற மெசினை எடுத்து வந்து பார்த்தால் 58. 70க்குக் கீழே போனாலே கவனிக்கவேண்டும். பதினைந்து நிமிசத்தால் திரும்பப் பார்க்கும்போது கூடியிருந்தது. அம்மா கண்ணைத் திறந்து வடிவாகக் கதைத்தா. முதல் சொன்ன சொல், “பிள்ளையள் சாப்பிட்டிட்டினமோ?”

கிளிக்கிளசைட் மாதிரியான குளிசைகள் உடம்பை இன்சுலின் சுரக்கப் பண்ணுபவை. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நீரிழிவு என்றால் சீனி கூடுவது மட்டும்தான் என்று நினைத்திருந்த எங்களுக்கு இது அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்ரி வராமல் விட்டிருந்தால் என்ற யோசனை இப்பவும் சில இரவில் வரும்.

கிளினிக்கில் டொக்டர் நடந்ததைக் கேட்டுவிட்டுக் குளிசையின் அளவை மாற்றினார். கிளினிக் கொப்பியில் ஏதோ எழுதி, “போசணைப் பிரிவில போய் டயற்றீசியனைச் சந்தியுங்கோ” என்றார்.

அம்மாவின் முகம் இருண்டுவிட்டது. “அங்க போனால் இருக்கிற கெக்கரிக்காயையும் பறிச்சுப் போடுவா” என்றா. எங்களுக்கும் அப்படித்தான் ஒரு படம் மனதில் இருந்தது. டயற்றீசியன் என்றால் மெல்லிய ஒரு ஆள். முன்னுக்கு ஒரு தராசு. எல்லாருக்கும் ஒரே மாதிரி அச்சடித்த ஒரு தாள். காலமை ஓட்ஸ், மத்தியானம் சலாட், இரவு அப்பிள். அதோடு, அது கொழும்பில் காசுக்காரர் உடம்பு குறைக்கப் போகிற இடம், எங்களைப் போன்ற ஆக்களுக்கு இல்லை என்றும் நினைத்திருந்தோம். ஆனால் இது அரச ஆஸ்பத்திரி. காசு ஒன்றும் கட்டவில்லை, வரிசையில் இருந்ததுதான்.

உள்ளே இருந்த மிஸ் முதலில் கேட்டது, “அம்மா, நேற்று விடியேக்க இருந்து படுக்கும் வரைக்கும் என்ன சாப்பிட்டனீங்கள்?”

நாங்கள் அம்மாவை முந்திக்கொண்டு தொடங்கினோம். “மிஸ், அம்மா சோறு விட்டிட்டா, பாண் விட்டிட்டா, பழம் ஒண்டும்...”

“என்னத்தை விட்டவ எண்டு நான் கேக்கேல்லை. என்ன சாப்பிடுறவ எண்டு கேக்கிறன். அம்மா சொல்லட்டும்.”

அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் நாங்கள் வாய் திறக்கவில்லை. எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், குளிசை எப்போது, வீட்டில் ஆர் சமையல், ஆர் சந்தைக்குப் போவது, எந்த நாளில் விரதம், பல் ஏதும் பிரச்சினையா, தையல் வேலை எத்தனை மணித்தியாலம், சாப்பிட என்ன விருப்பம் என்று மிஸ் கேட்டுக்கொண்டே போனா. கடைசியாக, “வீட்டில ஆர் கடைசியாச் சாப்பிடுறது?” என்று கேட்டா.

அம்மா சிரித்தா. “நான்தான். பிள்ளையள் சாப்பிட்டு மிச்சம் இருக்கிறதை.”

இருபது வருசமாக எங்கள் அம்மா மிச்சத்தைத்தான் சாப்பிட்டு வந்திருக்கிறா. மீன் முடிந்திருந்தால் குழம்பு மட்டும். கீரை முடிந்திருந்தால் சோறும் சொதியும். சோறு மட்டும் எப்பவும் மிஞ்சும், ஏனென்றால் அதைத்தான் கூடப் போட்டுச் சமைப்பது. எங்கள் 27 விசயப் பேப்பரில் இது எங்கேயும் இல்லை. மிஸ் கொப்பியில் எழுதிய முதல் வரி இதுதான்: அம்மா பிள்ளைகளோடு சேர்ந்திருந்து சாப்பிடவேண்டும்.

பிறகுதான் சாப்பாட்டுப் பக்கம் வந்தா. சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. கோப்பையை மனதால் இரண்டாகப் பிரியுங்கள் என்றா. ஒரு பாதி மரக்கறியும் கீரையும். மற்றப் பாதியில் ஒரு அரைவாசி மீன், முட்டை, பருப்பு, பயறு, கடலை மாதிரி ஏதாவது. மிச்சம் இருக்கிற காற்பங்கு சோறு. தவிட்டோடு இருக்கிற சிவப்பரிசி என்றால் இன்னும் நல்லது. எங்கள் ஊர்க் கோப்பையில் வழக்கமாக முக்கால்வாசி சோறு, ஓரத்தில் கறி. சாமான் அதேதான், இடம்தான் மாறவேண்டும்.

நாங்கள் கேட்டோம், “அப்ப மிஸ், குரக்கன் பிட்டு எவ்வளவும் சாப்பிடலாம்தானே?” அதுதான் எங்கள் வீட்டில் மருந்து என்று ஓடிக்கொண்டிருந்தது. இரவில் நீத்துப்பெட்டி நிறைய அவிப்போம். மிஸ் தலையாட்டினா. 100 கிராம் அரிசி மாவில் ஏறத்தாழ 80 கிராம் காபோவைதரேற்று இருக்கிறது. அதே அளவு குரக்கன் மாவில் ஏறத்தாழ 70. பெரிய வித்தியாசம் இல்லை. குரக்கனில் நார் கூட, கல்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல், அதனால் நல்ல சாப்பாடு. ஆனால் நல்ல சாப்பாடு என்பதும் எவ்வளவும் சாப்பிடலாம் என்பதும் இரண்டு வேறு கதை. பனங்கட்டியும் தேனும் அப்படித்தான். “ஊர்ச் சாமான், கெமிக்கல் இல்லை” என்று வெள்ளைச் சீனிக்குப் பதிலாக அம்மாவுக்கு நாங்கள் கொடுத்த பனங்கட்டியில் பெரும்பகுதி சீனிதான். உடம்புக்கு அது பனையில் இருந்து வந்ததா, கரும்பில் இருந்து வந்ததா என்ற பாகுபாடு கிடையாது.

பாவற்காயை மிஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. கறியாகச் சாப்பிடுங்கள் என்றா. ஆனால் சாறு குடித்துவிட்டுச் சாப்பாட்டை விடுவது, அல்லது சாறு இருக்குதுதானே என்று குளிசையை விடுவது, இரண்டும் கூடாது.

தேங்காயைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. ‘தேங்காயில் கொலஸ்ரோல்’ என்று ஒரு கட்சி. ‘தேங்காய் எண்ணெய் எல்லாத்துக்கும் மருந்து’ என்று மற்றக் கட்சி. இரண்டும் பிழை. கொலஸ்ரோல் இருப்பது மிருக உணவில். தேங்காயில் அது கிடையாது. ஆனால் தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பு. அதைக் கூடச் சாப்பிட்டால் எங்கள் இரத்தத்தில் கொலஸ்ரோல் கூடும். அதனால் சொதிக்கு இரண்டாம் பால் போதும், பொரியலைக் குறையுங்கள் என்றா. சம்பலை விடச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டைப் பார்த்துச் சம்பலை விடு என்று சொன்னால் அந்தத் தாளை ஆரும் வீடு வரைக்கும் கொண்டுபோகமாட்டார்கள் என்பது அவவுக்குத் தெரியும்.

ஓட்ஸ், ஒலிவ் எண்ணெய், புளூபெரி என்ற சொற்கள் ஒன்றும் அவவின் வாயில் வரவில்லை. சித்தியின் வட்ஸ்அப்பில் இருந்தவை அவைதான். சித்தி இருக்கிற ஊரில் அது கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், பிழை இல்லை. இங்கே? 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஒரு வருசத்துக்குள் சாப்பாட்டுச் சாமானின் விலை ஏறத்தாழ இரட்டிப்பு. அதற்குப் பிறகு ஏறும் வேகம் குறைந்தாலும் பழைய விலை திரும்பி வரவில்லை. அப்படியான நாட்டில் ஆரோக்கியமான சாப்பாடு என்றால் இறக்குமதிச் சாமான் என்று நம்புவது, எங்களை நாங்களே வெளியே தள்ளுவது. மிஸ் கேட்டது, வளவுக்குள் முருங்கை நிக்குதா என்று. நிக்குது. வல்லாரை, பொன்னாங்காணி சந்தையில் கட்டாகக் கிடைக்குது. நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் கிடைக்கும். கௌபி, பயறு அவித்தால் பின்னேரத்துக்குப் போதும். இவ்வளவும் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தவை.

அம்மா அப்போது மெதுவாக ஒன்று கேட்டா. “மாம்பழம் இனி வாழ்க்கையில இல்லைத்தானே, மிஸ்?” கறுத்தக்கொழும்பான் காலம் அது. வளவில் காய்த்துத் தொங்க, அம்மா அதைப் பிடுங்கி எங்களுக்கு வெட்டித் தந்துவிட்டுக் கொட்டையைக்கூடச் சூப்பாமல் எறிந்த காலம். “ஆர் சொன்னது? சோறு நிறையச் சாப்பிட்ட கையோட வேண்டாம். சாறா அடிச்சுக் குடிக்கவேண்டாம். இரண்டு துண்டு, பழமாச் சாப்பிடுங்கோ. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தால ஒருக்காச் சீனியைப் பாருங்கோ, உங்கட உடம்பு என்ன சொல்லுது எண்டு உங்களுக்கே தெரியும்” என்றா மிஸ். அம்மா அழுதா. ஒரு மாம்பழத்துக்கு ஆராவது அழுவார்களா என்று கேட்கலாம். ஐந்து மாதம் அந்தப் பேப்பருக்குக் கீழே இருந்து பார்த்தவருக்குத் தெரியும்.

நாங்கள் எழும்பப் போக, மிஸ் எங்கள் கடைக்குட்டியைப் பார்த்து, “நீங்கள் காலமை என்ன சாப்பிட்டனீங்கள், தங்கச்சி?” என்று கேட்டா. ஒன்றும் இல்லை. ஏ.எல். படிக்கிறா, காலமை நேரம் இல்லை என்று ஒரு பிளேன்ரீயோடு ஓடுவா. மத்தியானம் சாப்பிட்ட கையோடு இன்னொரு பிளேன்ரீ. எங்கள் வீட்டில் மெலிந்தவ அவதான், அதனால் அவவைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை. ‘அவளுக்கு என்ன, ஒல்லி’ என்று விட்டுவிட்டோம். அவவுக்கு வகுப்பில் நித்திரை தூங்குவது, படி ஏறினால் இளைப்பது எல்லாம் படிப்புக் களைப்பு என்று நினைத்தோம். மிஸ் சொல்லி இரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் குறைவு. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பது குறையும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள், கீரைக்குத் தேசிக்காய் விடுங்கள் என்றா. டொக்டர் இரும்புக் குளிசையும் கொடுத்தார். மெலிந்த ஆள் சுகமான ஆள் என்ற நினைப்பு எங்கள் பேப்பரில் எழுதாமல் இருந்த 28வது.

நடுவிலான் தப்பவில்லை. அவனுக்கு ஜிம் முடிந்து ஒரு போத்தல் குளிர்பானம் வேண்டும். 2016 ஆகஸ்ட்டில் இருந்து எங்கள் நாட்டில் குளிர்பானப் போத்தல்களில் ஒரு நிற அடையாளம் இருக்கவேண்டும்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை. சிவப்பு அடையாளம் போட்ட 400 மில்லிலீற்றர் போத்தலில் 44 கிராமுக்கு மேல் சீனி. தேக்கரண்டிக் கணக்கில் ஒன்பதுக்குக் கிட்ட. அம்மாவின் அரைக்கரண்டிச் சீனிக்குச் சண்டை பிடித்துவிட்டு அவன் குடித்தது அதைத்தான். இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருக்கிறது என்று 2008இல் வெளிவந்த ஆய்வு சொல்லியது. அம்மம்மா, அம்மா, அடுத்தது ஆர் என்று எங்கள் வீட்டில் கணக்குப் போடப் பெரிய படிப்புத் தேவையில்லை.

திரும்பி வரும்போது ஆஸ்பத்திரிக் கன்ரீனில் தேத்தண்ணி குடிக்கப் போனோம். அங்கே எங்கள் மிஸ், ஒரு ரோல்ஸோடு பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தா. எங்களைக் கண்டு சிரித்து, “பசி, பிள்ளையள்” என்றா. அம்மாவுக்கு அன்றைக்கு முழுக்க அதுதான் சந்தோசம். வீட்டுக்கு வந்து அன்ரிக்கு முதல் சொன்ன செய்தியும் அதுதான்.

இப்போது எங்களிடம் ஆராவது ‘டயற்றீசியனிட்டப் போனால் என்ன செய்வினம்’ என்று கேட்டால் நாங்கள் சொல்லுவது இதுதான். அவர்கள் போசணையியல் படித்து, வருத்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள தொடர்பில் பயிற்சி எடுத்தவர்கள். டொக்டரோடு சேர்ந்து வேலை செய்பவர்கள். உடம்பு குறைக்க மட்டும் இல்லை, சிறுநீரக வருத்தம், புற்றுநோய்ச் சிகிச்சை, சாப்பிடமுடியாமல் கிடக்கிற நோயாளிக்குக் குழாயால் என்ன கொடுப்பது என்பதுவரை அவர்களின் வேலைதான். குளிசையை உடனே நிறுத்து என்று சொல்லமாட்டார்கள். டப்பாவில் அடைத்த பவுடர் விற்கமாட்டார்கள். பத்து நாளில் பத்துக் கிலோ என்று பேஸ்புக்கில் போடுகிறவருக்கு ஆயிரம் லைக் இருக்கலாம், அது படிப்பு இல்லை. பிரித்தானியாவில் டயற்றீசியன் என்ற பெயரைப் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் பாவிக்கலாம், அது சட்டம். சித்தியிடம் இதைச் சொன்னோம். இரண்டு நாள் மெசேஜ் வரவில்லை. மூன்றாம் நாள், தன்ர டொக்டரிட்டயும் ஒருக்காக் கேட்டுப் பார்க்கிறன் என்று அனுப்பினா.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று சொல்லவரவில்லை. மூன்று மாதச் சீனியின் சராசரியைச் சொல்லுகிற எச்.பி.ஏ.1.சி சோதனையில் அம்மாவின் அளவு குறைந்திருந்தது, இன்னும் இறங்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். சில நாள் அம்மா கூடச் சாப்பிடுவா. சில நாள் எங்களுக்குள் இருக்கிற பொலிஸ் எட்டிப் பார்க்கும். அப்போது அன்றைக்குக் குசினி வாசலில் நாங்கள் கத்தியதை நினைத்துக்கொண்டு வாயை மூடுவோம். அம்மாவின் கைப்பைக்குள் இப்போது குளுக்கோஸ் பைக்கற் ஒன்று எப்பவும் இருக்கும். அதை வைத்தது நாங்கள்தான்.

பிறிட்ஜ் கதவில் இருந்த பேப்பரைக் கிழித்தது அம்மா. அதற்குப் பதிலாக இன்னொன்று ஒட்டவில்லை. மத்தியானம் வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிறோம். முதல் மீன் துண்டை அம்மாவின் கோப்பையில் போடுவது எங்கள் முறை. “எனக்கெதுக்குப் பிள்ளை” என்று அவ அதைத் திரும்ப எங்கள் கோப்பைக்குத் தள்ளப் பார்ப்பா. நாங்கள் விடுவதில்லை.